முக்குளிப்போருக்குரிய கணிப்புக் கருவி: தேர்ந்தெடுக்கும் முறை

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பும் சங்கு குளிப்பும் மிகத் தொன்மையான தொழில்களாகும். கல்லின்மீது கால் ஊன்றிக் கயிற்றைப் பற்றியவாறு பாருக்கு இறங்கி, ஒரு மூச்சு நிற்கும் நேரத்துக்குள் அகப்பட்ட சிப்பிகளை வாரிக்கொண்டு மேலே வருவதே முன்னோர் கையாண்ட முறை. கடலடியில் எவ்வளவு நேரம் தங்கலாம் என்பதை அம்முறையில் நிர்ணயித்தது மனிதனின் நுரையீரலேயாகும். வேறு கடிகாரம் எதுவும் தேவைப்படவில்லை. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பு கடைசியாக 1961ஆம் ஆண்டில் நடைபெற்றது.

இதற்கிடையே, 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, கான்யான் என்னும் இருவர், முதுகில் சுமந்து செல்லும் காற்றுச் சிலிண்டரிலிருந்து தேவைக்கேற்பக் காற்றை வழங்கும் சாதனத்தை உருவாக்கினர். அதன் பயனாக விஞ்ஞானியும் கடலடிக்கு நேரில் செல்லலாயினர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் ஆகியோர் தூத்துக்குடிக் கடலின் அடித்தளத்து உயிரினங்களை நீருக்கடியிலேயே கண்டாராய்ந்து 1960களில் கட்டுரைகள் வெளியிட்டனர். பின்னர் தேசியக் கடலியல் நிறுவனத்தார் பூம்புகாருக்கு அப்பால் சுமார் 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் அமைந்த ஒன்றை 1990களின் தொடக்கத்தில் கண்டறிந்து ஆராய்ந்தனர். இன்று சென்னை, புதுச்சேரிக் கடலோரங்களில் பொழுதுபோக்கிற்காக முக்குளிப்போரும் பலராவர்.

இவ்வாறு நீருக்கடியில் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் தங்குவோருக்கு நுரையீரல் என்னும் பழைய கடிகாரம் பயன்படாது. அதன் இடத்தைப் பெறுவதே ‘டைவ் கம்ப்யூட்டர்’ எனப்படும் கணிப்புக் கருவி. இக்கருவிகள் பல வகைப்பட்டவை. விலையும் பல மடங்கு வேறுபடுகின்றது. எதை வாங்குவது என்று முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காணவேண்டும். எவ்வளவு ஆழத்தில் என்ன பணி? காற்று எங்கிருந்து, எவ்வளவு நேரம் வருகின்றது? மேலே வந்தபின் நாம் எங்கே செல்லப் போகிறோம்? மூன்றாவது கேள்வி முதற்பார்வையில் தொடர்பற்றதாகத் தோன்றக்கூடும். உண்மையில் பலர் தவறுவது அங்கேதான்.

உடலில் நிகழ்வது என்ன?

கடல்மட்டத்தில் நம்மீது ஒரு வாயுமண்டல அமுக்கம் உள்ளது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறக்குறைய மற்றொரு வாயுமண்டல அமுக்கம் கூடுகின்றது. ஆகவே 20 மீட்டர் ஆழத்தில் மும்மடங்கும், 30 மீட்டரில் நான்கு மடங்கும் அமுக்கம் உண்டு. சுவாசிக்கும் காற்றும் அதே அமுக்கத்தில்தான் நுரையீரலை அடைகின்றது. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். பிராணவாயுவை உடல் செலவழித்துவிடுகின்றது. நைட்ரஜனையோ உடல் பயன்படுத்துவதில்லை. அமுக்கத்திற்கு ஏற்ற அளவில் அது இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தங்குகின்றது.

மெல்ல மேலேறினால் கரைந்த நைட்ரஜன் சுவாசத்தின் வழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினால், மூடி திறந்த சோடாப் புட்டியில் நிகழ்வதுபோல, அது குமிழிகளாக உருவெடுக்கும். இதுவே அமுக்க நீக்க நோயின் மூலகாரணம் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர் 1878ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் நிறுவினார். மூட்டுவலி, தோல் அரிப்பு, அளவு மீறிய சோர்வு, கைகால் மரத்துப்போதல், சிறுநீர் இறங்காமை ஆகியன இதன் அறிகுறிகள். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டால் கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கவும் கூடும்.

அட்டவணையிலிருந்து கருவி வரை

இந்நோயைத் தவிர்க்கும் வழியைக் கணக்கில் அமைத்தவர் பிரித்தானிய நாட்டு உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன். வெள்ளாடுகளை அமுக்க அறைகளில் வைத்து அவர் நடத்திய ஆராய்ச்சியின் முடிவுகள் 1908ஆம் ஆண்டில் வெளியாயின. உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதில்லை என்பது அவர் கணக்கின் அடிப்படை. எனவே உடலை ஐந்து பிரிவுகளாகக் கற்பனை செய்து, ஒவ்வொன்றும் பாதி நிறைவதற்கு 5, 10, 20, 40, 75 நிமிடங்கள் ஆகும் எனக் கொண்டார். 5 நிமிடப் பிரிவு ஐந்து நிமிடத்தில் பாதியும், பத்து நிமிடத்தில் முக்காலும் நிறையும். நிறைவதற்கு உரிய விதியே வெளியேறுவதற்கும் உரியது. விரைவில் நிறைவது விரைவில் காலியாகும்; தாமதமாக நிறைவது தாமதமாகவே காலியாகும்.

இக்கொள்கையின்மீது எழுந்தவையே கடற்படைகளின் அட்டவணைகள். சான்றாக, அமெரிக்கக் கடற்படையின் 1957ஆம் ஆண்டு அட்டவணைப்படி 60 அடி ஆழத்தில் 60 நிமிடமும், 80 அடியில் 40 நிமிடமும், 100 அடியில் 25 நிமிடமும் தங்கியவர் இடையில் நிற்காமல் மேலேறலாம். பூம்புகாரின் 23 மீட்டர் ஆழம் இவ்வட்டவணையில் 80 அடிக்குரிய வரிசையில் அடங்கும்.

ஆனால் அட்டவணைக்குத் தெரிவது ஆழ்ந்த எல்லை ஒன்றே. 23 மீட்டரில் 10 நிமிடமும், 12 மீட்டரில் 25 நிமிடமும் தங்கியவரையும், 35 நிமிடமும் அடித்தளத்திலேயே இருந்தவராக அது கருதுகின்றது. கையில் கட்டிய கருவியோ சில நொடிகளுக்கு ஒருமுறை உண்மையான ஆழத்தை அளந்து, ஒவ்வொரு திசுப் பிரிவின் நிலையையும் புதிதாகக் கணக்கிடுகின்றது. இத்தகைய மின்னணுக் கருவிகளில் டெக்கோபிரெயின், எட்ஜ் ஆகியன 1983ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன. ஜூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் பூல்மான் வகுத்த, 16 பிரிவுகள் கொண்ட கணக்குமுறையை இன்றைய கருவிகள் பல பின்பற்றுகின்றன. அதில் மிக மந்தமான பிரிவு பாதி நிறைய 635 நிமிடங்கள், அதாவது பத்தரை மணி நேரத்துக்கும் மேலாகும்.

கருவியினால் நமக்குக் கூடுதலாகக் கிடைக்கும் நிமிடங்கள் இலவசமாக வந்தவை அல்ல என்பதை இங்கு மனத்திற்கொள்ள வேண்டும். அட்டவணையில் கணக்கில் வராது கிடந்த பாதுகாப்பு இடைவெளியிலிருந்து எடுத்துத் தரப்பட்டவை அவை. ஆகவே கருவி காட்டும் வரம்பின் கடைசி நிமிடம்வரை தங்குபவர், அட்டவணையைப் பின்பற்றியவரைவிட ஆபத்துக்கு நெருங்கியே நிற்கிறார்.

முதற் கேள்வி: எவ்வளவு ஆழத்தில் என்ன பணி?

பயிற்சி பெறுவோரும், 18 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில் எப்போதாவது முக்குளிப்போரும் எளிய கருவி ஒன்றையே வாங்குதல் நலம். தற்போதைய ஆழம், கழிந்த நேரம், நிற்காமல் மேலேறுவதற்கு எஞ்சியுள்ள நேரம், மேலேறும் வேகத்தைப் பற்றிய எச்சரிக்கை ஆகிய நான்கும் பெரிய எழுத்தில் ஒரே பார்வையில் தெரிந்தால் போதுமானது. மேலேறும் வேகம் நிமிடத்திற்கு 9 அல்லது 10 மீட்டரை மிஞ்சலாகாது எனப் பெரும்பாலான கருவிகள் எச்சரிக்கின்றன. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்குமாறு நினைவூட்டும் வசதியும் இன்று எளிய கருவிகளில்கூட உண்டு. பல பொத்தான்களும் பல திரைகளும் கொண்ட கருவி, தொடக்கநிலையில் உள்ளவரின் கவனத்தைச் சிதறடிக்குமேயன்றி அவரைக் காப்பதில்லை.

ஒரே நாளில் இரண்டு மூன்று முறையும், தொடர்ந்து பல நாட்களும் இறங்கும் கள ஆய்வாளர்களின் தேவை வேறு. அவர்களுக்குச் சில வசதிகள் அவசியம். முதலாவது, முந்தைய முக்குளிப்புகளில் எஞ்சிய நைட்ரஜனைக் கணக்கில் வைத்து, அடுத்த முறைக்குரிய நேரத்தை முன்கூட்டியே காட்டும் வசதி. இரண்டாவது, ஒவ்வொரு முக்குளிப்பின் ஆழத்தையும் நேரத்தையும் பதிவு செய்து கணினிக்கு மாற்றும் வசதி; இது ஆய்வுக் குறிப்புகளுக்கும், விபத்து நேர்ந்தால் மருத்துவருக்கும் உதவும். மூன்றாவது, கலங்கிய நீரிலும் படிக்கக்கூடிய ஒளிமிக்க திரை. சோழமண்டலக் கரையில் நீர் கலங்கியிருக்கும் நாட்கள் பல. நாற்பது வயதைக் கடந்தவர்கள், கடைக்காரரின் மேசையில் கருவியைப் பாராமல், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மங்கிய ஒளியில் படித்துப் பார்த்து வாங்குவது நன்று.

பிராணவாயு மிகுத்த ‘நைட்ராக்ஸ்’ காற்றைப் பயன்படுத்துவோர் அதன் விகிதத்தைக் குறிக்கக்கூடிய கருவியைப் பெறவேண்டும். நூற்றுக்கு 32 பங்கு பிராணவாயு கொண்ட காற்றில் நைட்ரஜன் குறைவாதலால் தங்கும் நேரம் மிகும். ஆனால் ஆழம் கூடக்கூடப் பிராணவாயுவே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கக்கூடும். வழக்கமாகக் கொள்ளப்படும் 1.4 என்னும் அமுக்க எல்லையின்படி, இக்காற்றுடன் 33 மீட்டருக்குக் கீழே இறங்கலாகாது. விகிதத்தைத் தவறாகக் குறித்த கருவி, கருவியே இல்லாமையைக் காட்டிலும் கேடு பயக்கும்.

இடையிடையே நின்று மேலேறவேண்டிய ஆழ்ந்த முக்குளிப்பும், பலவகை வாயுக்களை மாற்றிச் சுவாசிக்கும் முக்குளிப்பும் தனிப்பயிற்சி பெற்றோருக்கே உரியன. அவர்களுக்கான உயர்விலைக் கருவிகளைப் பிறர் வாங்குவதால் பயனில்லை.

இரண்டாம் கேள்வி: காற்று எங்கிருந்து, எவ்வளவு நேரம்?

சிலிண்டரைச் சுமந்து செல்பவருக்கு ஒரு மறைமுகப் பாதுகாப்பு உண்டு. சிலிண்டரில் உள்ள காற்றுத் தீர்ந்துவிடுமாதலால் அவர் மேலே வந்தே தீரவேண்டும். தூத்துக்குடிப் பகுதியில் சங்கு குளிக்கும் தொழிலாளரிடையே வேறொரு முறை பரவியுள்ளது. படகில் உள்ள கம்ப்ரஸர் இயந்திரத்திலிருந்து நீண்ட குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்தவாறு அவர்கள் கடலடியில் சங்கு தேடுகின்றனர். இயந்திரம் ஓடும்வரை காற்றுக்குக் குறைவில்லை. நுரையீரல் விதித்த எல்லையும், சிலிண்டர் விதிக்கும் எல்லையும் அங்கு இல்லை. நேரம் செல்லச்செல்ல நைட்ரஜன் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றது. நடுவே பலமுறை மேலே வந்து மீண்டும் இறங்குவதும் ஆபத்தை மிகுவிக்கின்றது.

இத்தொழிலாளர் கடலையும் நீரோட்டத்தையும் நன்கு அறிந்தவர்கள். அவர்களது பட்டறிவுக்கு எந்தக் கருவியும் ஈடாகாது. ஆனால் இரத்தத்தில் கரைந்துள்ள நைட்ரஜனின் அளவைப் பட்டறிவினால் உணரமுடியாது. எவ்வளவு தேர்ந்தவருக்கும் அது புலப்படாத பொருள். எனவே கருவியின் தேவை பட்டறிவு மிகுந்தவருக்குக் குறைவு என்று எண்ணுவது தவறு. நெடுநேரம் தங்கும் ஆற்றல் உடையவருக்கே அது மிகுதியாகத் தேவைப்படுகின்றது. மீன்வளத்துறைக் களப்பணியாளர்கள் இவர்களிடையே எடுத்துரைக்கும்போது, ஆடம்பரமான மாதிரிகளை விடுத்து, நேரத்தையும் ஆழத்தையும் காட்டி, வரம்பு நெருங்கும்போது ஒலியெழுப்பும் உறுதியான எளிய கருவியையே பரிந்துரைக்கலாம். மின்கலத்தை உள்ளூரிலேயே மாற்றிக்கொள்ள முடியுமா என்பதையும் கேட்டறிய வேண்டும். இயந்திரத்தின் புகை காற்றுக்குழாயில் கலந்தால் அதனை எந்தக் கணிப்புக் கருவியும் அறிவிக்காது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மூன்றாம் கேள்வி: மேலே வந்தபின் எங்கே?

கடலிலிருந்து வெளிவந்தவுடன் முக்குளிப்பு முடிந்துவிட்டதாகக் கருதுவது இயல்பு. உடலின் கணக்கு அப்போது முடிவதில்லை. மந்தமான திசுக்களிலிருந்து நைட்ரஜன் வெளியேறப் பல மணி நேரமாகும். அதற்குள் சுற்றுப்புற அமுக்கம் மேலும் குறையுமாயின், கடலிலிருந்து மற்றும் ஒருமுறை மேலேறியதற்கு அது ஒப்பாகும். விமானப் பயணம் இதனாலேயே தடுக்கப்படுகின்றது. கருவிகளின் திரையில் சிறு விமானப் படம் தோன்றுவதும் இதற்காகவே.

ஆனால் அமுக்கம் குறைவதற்கு விமானம்தான் வேண்டும் என்பதில்லை, மலைப்பாதை போதும். சென்னையிலிருந்து திருப்பதிக்கு ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகச் செல்லும் சாலையில் புத்தூருக்குச் சற்று முன்பாக அமைந்துள்ளது நாராயணவனம். கல்யாண வேங்கடேசுவரரைத் தரிசித்துவிட்டு அங்கிருந்து திருமலைக்குச் செல்வோர் பலர். திருமலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அமுக்கம் கடலோரத்தில் உள்ளதைவிட ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைவு. காலையில் சென்னைக் கடலில் இருமுறை முக்குளித்தவர் மாலையில் மலையேறுவது, பயணத்தைப் பொறுத்தவரை எளிதே. உடலைப் பொறுத்தவரை அது விமானம் ஏறியதற்குச் சமம்.

டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் என்னும் அமைப்பின் அறிவுரை இவ்விஷயத்தில் பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. நிறுத்தங்கள் தேவைப்படாத ஒரே முக்குளிப்புக்குப் பின் 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாட்கள் முக்குளித்தபின் 18 மணி நேரமும், நிறுத்தங்கள் தேவைப்பட்ட முக்குளிப்புக்குப் பின் அதற்கும் கணிசமாக மிகுந்த நேரமும் காத்திருக்க வேண்டும். சுமார் 600 மீட்டர் முதல் 2400 மீட்டர் வரையிலான உயரத்துக்குச் சமமான அமுக்கத்தை வைத்து இவ்வறிவுரை வகுக்கப்பட்டது. திருமலை இவ்வெல்லைக்குள் அடங்குகின்றது. தூத்துக்குடியில் பணிபுரிவோர் விடுமுறையில் நாடும் கோடைக்கானலும் அவ்வாறே. சுமார் 2100 மீட்டர் உயரமுள்ள அங்கு அமுக்கம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைகின்றது.

ஆகவே சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு இரண்டாம் முறை கடலிலிருந்து வெளிவந்தவர், ஞாயிறு காலை 6 மணிக்கு முன் மலையேறாதிருத்தல் வேண்டும். இரவை நாராயணவனத்திலோ திருப்பதி நகரிலோ சமவெளியில் கழித்தால் தீங்கில்லை. காத்திருக்கவேண்டிய நேரத்தைத் தெளிவாகக் காட்டும் கருவியைத் தேர்ந்தெடுப்பது நலம். சில கருவிகள் எல்லாவற்றுக்கும் 24 மணி நேரம் என்றே எண்ணிக் காட்டுகின்றன; அதனால் நட்டமில்லை. திரையில் விமானப் படம் இருக்கும்வரை மலையையும் விமானமாகவே கொள்ளவேண்டும். உயரமான மலை ஏரிகளில் முக்குளிக்க நேர்வோர், இட உயரத்தைத் தானாகவே அறிந்து கணக்கைத் திருத்திக்கொள்ளும் கருவியைப் பெறுதல் அவசியம்.

அலுவலகக் கருவிகளைப் பற்றி

நிறுவனங்களில் கருவிகள் பொதுச்சொத்தாக இருப்பது வழக்கம். இங்கு ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். ஒரு பணித்தொடர் முடியும்வரை ஒரு கருவி ஒருவருக்கே உரியது. காலையில் ஒருவர் கட்டிச் சென்ற கருவியைப் பிற்பகலில் மற்றொருவர் கட்டினால், அது முன்னவரின் உடற்கணக்கைப் பின்னவருக்குக் காட்டும். இருவர் சேர்ந்து ஒரே கருவியைப் பார்த்து இறங்குவதும் கூடாது. ஒரு மீட்டர் வேறுபாடும் கணக்கை மாற்றும். கருவியை வழங்கிய நாள், பெற்றவர் பெயர், திருப்பிய நேரம் ஆகியவற்றை உபகரணப் பதிவேட்டில் குறித்துவைத்தல் நன்று. சில மாதிரிகளில் மின்கலத்தை மாற்றினால் நினைவில் உள்ள கணக்கு அழிந்துவிடும். எனவே பணித்தொடரின் நடுவில் மின்கலத்தை மாற்றலாகாது.

இரு நிறுவனங்களின் கருவிகள் ஒரே முக்குளிப்பில் வெவ்வேறு நேரங்களைக் காட்டுவதுண்டு. கணக்குமுறைகள் வேறுபடுவதே காரணம். பழுது என்று கொள்ள வேண்டியதில்லை. குழுவாக இறங்கும்போது மிகக் குறைந்த நேரத்தைக் காட்டும் கருவியே அனைவருக்கும் வழிகாட்டி.

கருவி அறியாதவை

கருவி அறிந்தவை அமுக்கமும் நேரமுமே. கட்டியிருப்பவர் களைத்திருக்கிறாரா, போதிய நீர் அருந்தினாரா, குளிரில் நடுங்குகிறாரா, முதிர்ந்தவரா, பருத்தவரா என்பன அதற்குத் தெரியா. ஆதலால் கருவியின் கணக்கைக் கடுமையாக்கும் அமைப்பு இருப்பின், முதுமையும் களைப்பும் உடையோர் அதனைப் பயன்படுத்துவது நல்லது. கருவி வரம்பு மீறவில்லை என்று காட்டியபோதிலும், அறிகுறிகள் தோன்றினால் அதை நோயென்றே கொள்ளவேண்டும். நோயுற்றவரை மீண்டும் நீரில் இறக்குவது பெருந்தவறு. அவருக்குத் தூய பிராணவாயுவை அளித்து, அமுக்க அறை உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். அத்தகைய மருத்துவமனை எங்குள்ளது என்பதை இறங்குமுன்பே அறிந்திருத்தல் குழுத் தலைவரின் கடமை.

ஆசிரியர்களுக்கு

கடலைக் காணாத உள்நாட்டுப் பள்ளிகளிலும் இப்பாடத்தை எளிதில் விளக்கலாம். மூடிய சோடாப் புட்டியில் குமிழிகள் இல்லை, திறந்தவுடன் எழுகின்றன. மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் பொங்காமல் வாயு வெளியேறுகின்றது. மெல்ல மேலேறவேண்டியதன் காரணம் இதனால் மாணவருக்கு விளங்கும். 10 மீட்டர் ஆழமுள்ள கிணற்றின் அடியில் அமுக்கம் எவ்வளவு, திருமலையின் உச்சியில் எவ்வளவு என்று கணக்கிடச் சொல்லலாம். கிணற்றுக்கும் மலைக்கும் ஒரே விதி பொருந்துவதை மாணவர் தாமே கண்டுகொள்வர். ஹால்டேனின் ஐந்து பிரிவுகளில் ஏதேனும் ஒன்றை எடுத்து, அரை மணி நேரத்தில் எவ்வளவு நிறையும் எனக் கரும்பலகையில் போட்டுப் பார்த்தால், கைக்கருவி நொடிதோறும் செய்யும் வேலை இன்னதென்பதும் புலப்படும்.

சுருங்கக்கூறின், கருவியின் சிறப்பு விலையில் இல்லை. நம் பணியின் ஆழத்துக்கும் நேரத்துக்கும் பொருந்தியது, நாம் தடையின்றிப் படிக்கக்கூடியது, கரையேறியபின் காத்திருக்கவேண்டிய நேரத்தையும் சொல்வது எதுவோ அதுவே நமக்குரியது. அது சொல்வதைக் கேட்டு நடப்பது நம் பொறுப்பாகும்.